இணையம் நின்ற இடம் எது?
பஞ்சாயத்துக் காரியாலயத்தில் பழுதறியும் முறை

பஞ்சாயத்துக் காரியாலயத்தின் அன்றாட அலுவல்களுக்குக் கணினியும் இணையமும் இன்று இன்றியமையாதன ஆகிவிட்டன என்பதை அங்கத்தினர்கள் யாவரும் அறிவர். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி மத்திய அரசு ‘இ-கிராம ஸ்வராஜ்’ என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. பஞ்சாயத்தின் ஆண்டுத் திட்டம், வரவு செலவுக் கணக்கு, பணப் பட்டுவாடா ஆகியவை அதில் பதிவு செய்யப்படுகின்றன. தமிழ்நாட்டில் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் முதலியவற்றையும் இணைய வழியே செலுத்தும் ஏற்பாடு இருக்கிறது. ஆகவே இணையம் நின்றால் பஞ்சாயத்தின் கணக்கும் நின்றுபோகிறது.

இதனால் நஷ்டமடைபவர் யார்? நடவு வேலையை விட்டுவிட்டு வரி செலுத்த வந்த விவசாயி, “நெட் இல்லை, நாளைக்கு வாருங்கள்” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போகிறார். அவருக்கு அரை நாள் கூலி நஷ்டம். மறுநாளும் அதே பதில் கிடைத்தால், பஞ்சாயத்தின்மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையும் குறைகிறது. பல சமயங்களில் இவ்வளவு நஷ்டத்திற்கும் காரணம், சுவரோரத்தில் நழுவிக் கிடக்கும் ஒரு கம்பியாக இருக்கக்கூடும்.

‘நெட் இல்லை’ என்பது ‘உடம்பு சரியில்லை’ என்பதைப் போன்ற பொதுச் சொல். வைத்தியர் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. எங்கே வலி, எப்பொழுதிலிருந்து வலி என்று விசாரிக்கிறார். இணையப் பழுதையும் அவ்வாறே விசாரித்தல் வேண்டும். அதற்குப் பொறியியற் படிப்பு அவசியமில்லை. ஒழுங்கும் பொறுமையும் இருந்தால் போதும். அவ்விசாரணையின் முறையை இக்கட்டுரையில் பாடமாகத் தருகிறோம்.

இணையம் வரும் வழி

ஏரி நீர் கடைமடை வயலுக்கு வந்து சேரவில்லையென்றால் விவசாயி என்ன செய்கிறார்? மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வழியே நடக்கிறார். தம் வயல் மடையைப் பார்க்கிறார், பிறகு கிளை வாய்க்காலை, பிறகு பெரிய வாய்க்காலை, கடைசியாக மதகை. ஓரிடத்தில் நீர் இருந்து அடுத்த இடத்தில் இல்லையென்றால், அடைப்போ உடைப்போ அவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்று அறிகிறார். இணையத்திற்கும் இத்தகைய வழி ஒன்று உண்டு. அதன் கட்டங்களை முதலில் அறிந்துகொள்வோம்.

கிராமப் பஞ்சாயத்துக்களைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் அனுமதி அளித்தது. அதுவே இன்று ‘பாரத்நெட்’ என்று வழங்குகிறது. தமிழ்நாட்டில் மாநில அரசின் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. இத்திட்டத்தின் வழியாகவோ, வேறு நிறுவனத்தின் வழியாகவோ வரும் கண்ணாடி இழை காரியாலயத்திற்குள் நுழைவது முதற் கட்டம்.

அந்த இழை வந்து சேரும் சிறு பெட்டி இரண்டாம் கட்டம். இழையில் வரும் ஒளியை மின் குறிகளாக மாற்றுவது இதன் வேலை. இதனை இழைப் பெட்டி என்போம்.

மூன்றாம் கட்டம் ரவுட்டர். வெளியுலகத்திற்கும் காரியாலயத்திற்கும் நடுவே நிற்கும் வாயிற்காவலன் இது. காரியாலயத்திலுள்ள கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாச எண்ணை வழங்குவதும் இதுவே. பல காரியாலயங்களில் இழைப் பெட்டியும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக அமைந்திருக்கும்.

நான்காம் கட்டம் பங்கீட்டுப் பெட்டி. இதனைக் கடைகளில் நெட்வொர்க் சுவிட்ச் என்று கேட்டு வாங்கலாம். ஒரு வாய்க்கால் பல மடைகளாகப் பிரிவது போல, ஒரே இணைப்பை இது பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ரவுட்டரிலேயே போதிய துளைகள் இருந்தால் இப்பெட்டி தேவைப்படாது.

ஐந்தாம் கட்டம் ஒவ்வொரு கணினிக்கும் செல்லும் லான் கேபிள், அல்லது வைஃபை அலை. ஆறாம் கட்டம் கணினி.

இனிப் பழுதறியும் முறைக்கு வேண்டிய விதி ஒன்றே. பதில் சொல்லும் கடைசி இடத்திற்கும், பதில் சொல்லாத முதல் இடத்திற்கும் நடுவிலேயே பழுது இருக்கிறது. கீழே சொல்லப்படும் சோதனைகள் அனைத்தும் இந்த இரண்டு இடங்களைக் கண்டுபிடிப்பதற்கானவையே.

முதற் கேள்வி: ஒன்றா, எல்லாமா?

எந்தக் கம்பியையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரு கணினியில் மட்டும் இணையம் வரவில்லையா, எல்லாக் கணினிகளிலுமா?

எல்லாவற்றிலும் இல்லையென்றால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் பழுது இருக்கிறது. இழை, இழைப் பெட்டி, ரவுட்டர், பங்கீட்டுப் பெட்டி ஆகியவற்றையே பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் இல்லையென்றால், அக்கணினியிலோ அதற்குச் செல்லும் கேபிளிலோ பழுது இருக்கிறது. அப்பொழுது ரவுட்டரை நிறுத்திப் போடுவது, நன்றாக வேலை செய்யும் மற்றக் கணினிகளையும் நிறுத்துவதாகும். கேபிளில் இணைந்த கணினிகள் வேலை செய்து, வைஃபையில் இணைந்தவை மட்டும் செய்யவில்லையெனில், வைஃபை பகுதியையே கவனிக்க வேண்டும்.

அடுத்து, நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் காரியாலயத்தில் என்ன மாறியது என்று விசாரித்தல் நலம். வெள்ளையடித்தார்களா, மேஜையை நகர்த்தினார்களா, இடி இடித்ததா, புதுப் பெட்டி எதையேனும் இணைத்தார்களா? இவ்விசாரணை பல வேளைகளில் நேராகப் பழுதின் இடத்திற்கே நம்மைக் கொண்டுபோய் விடும்.

விளக்குகள் சொல்லும் செய்தி

இழைப் பெட்டியிலும் ரவுட்டரிலும் சிறு விளக்குகள் வரிசையாக இருக்கும். அவை அலங்காரத்திற்காக வைக்கப்பட்டவை அல்ல.

ஒரு விளக்கும் எரியவில்லையென்றால் மின்சாரம் வரவில்லை. சுவர்ச் சுவிட்ச், யுபிஎஸ், பெட்டிக்கு மின்சாரம் தரும் சிறு அடாப்டர் ஆகியவற்றைப் பார்க்கவும். கணினி யுபிஎஸ்ஸிலும், ரவுட்டர் சாதாரண மின்சாரத்திலும் இணைக்கப்பட்டிருந்தால், மின்தடையின்போது கணினி எரிந்துகொண்டிருக்கும். இணையம் மட்டும் போய்விடும். இரண்டையும் யுபிஎஸ்ஸில் இணைத்தல் வேண்டும். அடாப்டரை மாற்ற நேர்ந்தால், பழையதில் எழுதியுள்ள வோல்ட் அளவே புதியதிலும் இருத்தல் அவசியம். ஆம்பியர் அளவு குறையக்கூடாது.

இழைப் பெட்டியில் ‘பான்’ என்று குறிக்கப்பட்ட விளக்கு அசையாமல் எரிந்தால், நிலையத்தோடு தொடர்பு இருக்கிறது என்பது பொருள். ‘லாஸ்’ என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, இழையின் வழியே ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். மின்கம்பத்தருகே இழை அறுந்திருக்கலாம். சாலை தோண்டும்போது வெட்டுப்பட்டிருக்கலாம். காரியாலயத்திற்குள்ளேயே மடங்கியும் இருக்கலாம்.

கண்ணாடி இழையின் கனம் 0.125 மில்லிமீட்டரே. மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் அதை வளைத்தால் ஒளி வெளியே கசியும். மேலும் வளைத்தால் இழை முறியும். ஆகவே அலமாரிக்குப் பின்னால் இழை நசுங்கியுள்ளதா, ஆணியில் சுற்றப்பட்டுள்ளதா என்று பார்த்து மெதுவாக விடுவிக்கலாம். இதற்கு மேல் இழையில் நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. அதன் முனையைக் கழற்றி விரலால் துடைத்தல் தவறு. விரலின் எண்ணெய்ப் பசையே ஒளியை மறைத்துவிடும். முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து உற்றுப் பார்த்தல் அதனினும் தவறு. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாத வகையைச் சேர்ந்தது. ஒளி இருப்பது தெரியாமலே கண்ணுக்குத் தீங்கு நேரக்கூடும். சிவப்பு விளக்கு நீங்கவில்லையெனில் இணைப்பு நிறுவனத்திற்குத் தெரிவிப்பதே முறை.

நிறுத்திப் போடும் ஒழுங்கு

எல்லாக் கணினிகளிலும் இணையம் இல்லாமல், விளக்குகள் ஒழுங்காக எரியும்போது, பெட்டிகளை ஒருமுறை நிறுத்திப் போடுதல் பயன் தரும். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இழைப் பெட்டி, ரவுட்டர், பங்கீட்டுப் பெட்டி மூன்றையும் நிறுத்தி ஒரு நிமிஷம் காத்திருக்கவும். முதலில் இழைப் பெட்டியைப் போட்டு, அதன் ‘பான்’ விளக்கு அசையாமல் நிற்கும்வரை பொறுக்கவும். பிறகு ரவுட்டர், இரண்டு நிமிஷம் கழித்துப் பங்கீட்டுப் பெட்டி, கடைசியாகக் கணினிகள். மதகைத் திறந்த பிறகே மடையைத் திறப்பது போன்றது இது.

பெட்டியின் பின்புறத்தில், ஊசி நுழையும் அளவிற்கு ஒரு சிறு துளை இருக்கும். அதற்குள் உள்ள பொத்தானை ஒருபோதும் அழுத்தலாகாது. நிறுத்திப் போடுவதும் இதுவும் ஒன்றெனச் சிலர் எண்ணுகின்றனர். அப்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், நிறுவனத்தார் பதிவு செய்த பயனர் பெயர், கடவுச்சொல் முதலிய அமைப்புக்கள் யாவும் அழிந்துவிடும். பத்து நிமிஷத்தில் தீரக்கூடிய பழுது, ஆள் வந்து அமைத்துக் கொடுக்கும்வரை நீடிக்கும்.

கேபிளைச் சோதித்தல்

ஒரு கணினியில் மட்டும் இணையம் இல்லையென்றால் முதலில் கேபிளையே சந்தேகிக்க வேண்டும். கேபிள் செருகப்பட்ட துளையருகே ஒரு சிறு விளக்கு இருக்கும். இரு முனைகளிலும் விளக்கு எரிந்தால் கம்பி சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். எரியவில்லையெனில் முனையை எடுத்து, ‘க்ளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை மீண்டும் செருகவும். முனையிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தால், நாற்காலி இடித்தாலே அது நழுவிவிடும்.

அப்பொழுதும் விளக்கு எரியவில்லையெனில், வேலை செய்யும் கணினியின் கேபிளைக் கழற்றி இதில் செருகவும். இணையம் வந்தால் பழைய கேபிளிலோ, அது செருகப்பட்டிருந்த துளையிலோ பழுது. வராவிட்டால் கணினியில் பழுது. நல்லதென்று தெரிந்த பொருளைச் சந்தேகத்திற்குரிய பொருளின் இடத்தில் வைத்துப் பார்க்கும் இம்முறையில் செலவே இல்லை.

லான் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்திற்கு அவற்றுள் நான்கு கம்பிகள் போதும். 1000 மெகாபிட் வேகத்திற்கு எட்டும் வேண்டும். எலி கடித்து ஒரு கம்பி அறுந்தாலும், இணைப்பு முழுதும் நிற்காமல் வேகம் மட்டும் குறையலாம். இத்தகைய கேபிளை 100 மீட்டர் நீளத்திற்கு மேல் இழுத்தல் கூடாது. கட்டடத்திற்கு வெளியே தொங்கவிட்டால், மின்னலின் அதிர்ச்சி அதன் வழியே நுழைந்து பெட்டிகளைக் கெடுக்கும் அபாயமும் உண்டு.

ஒரு வினோதமான பழுதையும் இங்கே கூறவேண்டும். தரையில் கிடக்கும் கேபிளைக் கண்ட ஒருவர், நல்ல எண்ணத்தோடே, அதன் இரு முனைகளையும் ஒரே பங்கீட்டுப் பெட்டியில் செருகிவிடக்கூடும். அப்பொழுது பெட்டியிலிருந்து புறப்படும் செய்தி அதே பெட்டிக்குத் திரும்பி, ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சிறிது நேரத்தில் எல்லாக் கணினிகளும் ஸ்தம்பித்துவிடும். பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒருசேர வெறிகொண்டாற்போல மின்னினால், இதனைச் சந்தேகித்து, இரு முனையும் ஒரே பெட்டியில் செருகப்பட்ட கேபிளைத் தேடிக் கழற்றவும்.

விலாச எண்

கேபிள் சரியாக இருந்தும் இணையம் வரவில்லையென்றால், கணினிக்கு விலாச எண் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினியின் தேடும் பெட்டியில் ‘சிஎம்டி’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களைத் தட்டினால் ஒரு கறுப்புத் திரை திறக்கும். அதில் ‘ஐபிகான்ஃபிக்’ என்பதை ஆங்கில எழுத்துக்களில் இடைவெளியின்றித் தட்டி, என்டர் பொத்தானை அழுத்தினால், ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரியில் நான்கு பகுதிகளைக் கொண்ட ஓர் எண் தோன்றும். ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் இருப்பது ரவுட்டரின் எண்.

கணினியின் எண் 192.168.1.5 என்பது போன்றும், ரவுட்டரின் எண் 192.168.1.1 என்பது போன்றும் இருந்து, முதல் மூன்று பகுதிகள் ஒத்திருந்தால், சிறு காரியாலயங்களில் பெரும்பாலும் அது சரியான நிலையாகும். ஒரே தெருவில் உள்ள வீடுகளுக்குத் தெருப்பெயர் ஒன்றாகவும் கதவு எண் வேறாகவும் இருப்பதை ஒக்கும் இது.

கணினியின் எண் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் விலாச எண் வழங்கவில்லை என்பது தெளிவு. கேட்டுக் கேட்டுப் பார்த்த கணினி, பதில் கிடைக்காமையால், தானாகவே தனக்கு ஒரு தற்காலிக எண்ணைச் சூட்டிக்கொண்டது என்பதே இதன் பொருள். பழுது, கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ளது. கேபிளையும் பங்கீட்டுப் பெட்டியையும் ரவுட்டரையும் மீண்டும் பார்க்கவும்.

சில சமயங்களில் ஒரே விலாச எண் இரண்டு கணினிகளுக்கு அமைந்துவிடும். யாரோ ஒருவர் எண்ணைக் கையால் பதிந்து வைத்ததே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒரே கதவு எண் இரண்டு வீடுகளுக்கு இருந்தால் தபால்காரர் திகைப்பது போல இணைப்பு விட்டுவிட்டு வரும். விலாச எண்ணைத் தானாகப் பெறும் அமைப்பிற்குக் கணினிகளை மாற்றிவிட்டால் இத்தொல்லை நீங்கும்.

மூன்று முறை தட்டிப் பார்த்தல்

கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் குரல் கொடுப்பார். இணைய வழியில் ஒவ்வொரு கட்டத்தையும் அவ்வாறு தட்டிப் பார்ப்பதற்கு ‘பிங்’ என்னும் கட்டளை இருக்கிறது. அது 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த மைக் மூஸ் என்பவர் எழுதியது. அதே கறுப்புத் திரையில் ‘பிங்’ என ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சோதிக்க வேண்டிய எண்ணைத் தட்டினால், கணினி அவ்விடத்தை நான்கு முறை கூப்பிட்டு, பதில் வந்ததா, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று தெரிவிக்கும்.

முதலாவதாக ரவுட்டரின் எண்ணைத் தட்டவும். பதில் வந்தால் கணினி, கேபிள், பங்கீட்டுப் பெட்டி மூன்றும் நன்றாக இருக்கின்றன. வராவிட்டால் பழுது காரியாலயத்திற்குள் உள்ளது.

இரண்டாவதாக 8.8.8.8 என்ற எண்ணைத் தட்டவும். இது கூகுள் நிறுவனம் 2009-ஆம் ஆண்டு முதல் பொது உபயோகத்திற்கு நடத்திவரும் பெயரேட்டு நிலையத்தின் எண். ரவுட்டர் பதில் தந்து, இந்த எண் பதில் தரவில்லையென்றால், பழுது பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது. பெட்டிகளை ஒழுங்காக நிறுத்திப் போட்டும் பயனில்லையெனில் நிறுவனத்திற்குப் புகார் செய்யலாம்.

மூன்றாவதாக ஏதேனும் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டவும். இணையத்தில் நாம் பெயரைத் தட்டினாலும் பெட்டிகளுக்கு எண்ணே தேவை. பட்டாதாரரின் பெயரைச் சொன்னால் கிராமக் கணக்கைப் பார்த்துப் புல எண்ணைச் சொல்வதுபோல, பெயருக்கு எண்ணைக் கூறும் பெயரேடு ஒன்று இருக்கிறது. இது டிஎன்எஸ் எனப்படும். 8.8.8.8 பதில் தந்து, பெயரைத் தட்டும்போது ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வந்தால், வாய்க்காலில் நீர் இருக்கிறது. பெயரேடு மட்டும் கெட்டிருக்கிறது. ரவுட்டரை நிறுத்திப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். இல்லையேல், பெயரேட்டு எண்ணை மாற்றித் தருமாறு நிறுவனத்தாரைக் கேட்கவும்.

ஓர் எச்சரிக்கை. சில தளங்கள் பாதுகாப்பைக் கருதி ‘பிங்’ அழைப்பிற்குப் பதில் தருவதில்லை. அப்பொழுதும் பெயருக்கு எதிரே எண் தோன்றிவிட்டால், பெயரேடு நன்றாகவே வேலை செய்கிறது என்று கொள்க.

ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையென்றால்

மற்றத் தளங்கள் திறந்து, வேலைக்கு வேண்டிய ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையெனில் கேபிளைத் தொட வேண்டாம். அத்தளத்தைக் கைபேசியின் இணைப்பில் திறந்து பார்க்கவும். அதிலும் திறக்கவில்லையானால் பழுது பெரும்பாலும் அத்தளத்திலேயே இருக்கிறது. கடைசித் தேதிகளில் பலர் ஒரே நேரத்தில் நுழையும்போது இவ்வாறு நேரும். பதிவுகளை மாதக் கடைசிக்கு ஒத்திவையாமல் முன்னதாகச் செய்வதே இதற்குப் பரிகாரம்.

கைபேசியில் திறந்து, கணினியில் மட்டும் ‘பாதுகாப்பில்லை’ என்ற எச்சரிக்கை வந்தால், கணினியின் தேதியைப் பார்க்கவும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கடிகாரம் சில ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், அச்சான்றிதழ் இன்னும் தொடங்காததாகத் தோன்றும். நாள்தோறும் தேதி பின்னால் போகுமானால், கணினிக்குள் இருக்கும் 3 வோல்ட் நாணய பாட்டரி தீர்ந்துவிட்டது. மேஜைக் கணினிகளில் பொதுவாக இருப்பது சிஆர்2032 என்னும் வகை; சொற்ப விலையில் கிடைக்கக்கூடியது.

பழைய கணினிகளில், புதிய தளங்கள் திறவாமல் போவதும் உண்டு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடனும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பஞ்சாயத்தின் பணத்தைக் கையாளும் கணினி எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்பதை அங்கத்தினர்கள் கேட்டறிதல் வேண்டும்.

இணையம் மெதுவாக வந்தால்

இணையம் நிற்காமல் மந்தமாக வருவது வேறொரு தொல்லை. வைஃபை கடவுச்சொல் ஊரில் பலருக்கும் தெரிந்திருந்தால், காரியாலயத்தின் நீரை வழியிலேயே பலரும் இறைத்துக்கொள்வர். ஒரு கணினி புதிய திருத்தங்களைப் பின்னணியில் இறக்கிக்கொண்டிருந்தாலும் மற்றவை மந்தமாகும். கடவுச்சொல்லை மாற்றுவதும், திருத்தங்களை மாலையில் இறக்குவதும் இவற்றிற்குப் பரிகாரம்.

ரவுட்டரை இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்தால் வைஃபை அலை வெளியே வருவது கடினம். தரையிலிருந்து சற்று உயரமாக, திறந்த இடத்தில் வைத்தல் நலம். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு பெரும் அலைவரிசைகள் வழக்கத்தில் உள்ளன. முன்னது தூரம் செல்லும். பின்னது வேகம் மிகுந்ததாயினும் சுவரைக் கடக்கையில் தளரும். கணக்கு வேலை செய்யும் கணினியை இயன்றவரை கேபிளிலேயே இணைத்தல் உத்தமம்.

ஓர் உதாரணம்

மேற்கூறிய முறையை ஓர் உதாரணத்தில் பொருத்திப் பார்ப்போம். ஒரு காரியாலயத்தில் மூன்று கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் இரண்டில் இணையம் வருகிறது, மூன்றாவதில் இல்லை. ஆகவே இழையின்மீது குற்றமில்லை. மூன்றாவது கணினியின் கேபிள் விளக்கு எரிகிறது; கேபிளும் தப்பியது. விலாச எண்ணைப் பார்த்தால், மற்ற இரண்டில் 192.168.1 என்று தொடங்குவது, இதில் 192.168.0 என்று தொடங்குகிறது. ‘டீஃபால்ட் கேட்வே’ எண்ணும் வேறாக இருக்கிறது. வேறு யாரோ இதற்கு விலாசம் கொடுத்திருக்கிறார்கள் என்பது இப்பொழுது தெளிவாகிறது.

முதல் நாள் என்ன மாறியது என்று விசாரித்தால், கூட்ட அறையில் வைஃபை கிடைக்க வேண்டுமென்று பழைய ரவுட்டர் ஒன்றை யாரோ பங்கீட்டுப் பெட்டியில் இணைத்தது தெரியவருகிறது. ஒரு வாயிலுக்கு இரண்டு காவலர் நின்று, இருவரும் விலாசம் வழங்குகின்றனர். எவரிடம் முதலில் விலாசம் கிடைத்ததோ அவரிடம் கணினி போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய ரவுட்டரைக் கழற்றி, மூன்றாவது கணினியை நிறுத்திப் போட்டால் பழுது தீர்ந்தது. கால் மணி நேர வேலை. முறையின்றித் தேடியிருந்தால், இழை நிறுவனத்திற்குப் புகார் செய்து, அவர்கள் ஆள் வந்து, ‘எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லிப் போயிருப்பார்.

புகாரும் பதிவேடும்

பழுது வெளியே இருப்பது உறுதியானால், ‘நெட் இல்லை’ என்று மட்டும் புகார் செய்யலாகாது. “இன்று காலை 10 மணி முதல் மூன்று கணினிகளிலும் இணையம் இல்லை, ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிகிறது, மின்சாரம் இருக்கிறது, பெட்டிகளை நிறுத்திப் போட்டும் மாறவில்லை” என்று சொன்னால், வரும் ஆள் எந்தக் கருவியுடன் எங்கே போக வேண்டும் என்பதை அறிந்தே புறப்படுவார். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவும்.

இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தல் வேண்டும். நின்ற நாள், நேரம், விளக்கின் நிலை, செய்த சோதனை, புகார் எண், சரியான நேரம் என்னும் ஆறு கலங்கள் போதும். ஆறு மாதக் குறிப்பைப் பார்த்தால், மழை நாளிலெல்லாம் நிற்கிறதா, பிற்பகலில் மட்டும் நிற்கிறதா என்பது விளங்கும். கிராம சபையில் எவரேனும் கேள்வி கேட்டாலும், யூனியன் காரியாலயத்திற்கு எழுத நேர்ந்தாலும், அந்தப் புத்தகமே சாட்சியாகும்.

பழுது பார்க்க வருபவரிடம் மின்னொப்பக் கருவியையோ அதன் கடவுச்சொல்லையோ கொடுத்தல் கூடாது. பஞ்சாயத்தின் பணம் அதனைக் கொண்டே பட்டுவாடா ஆகிறது. வந்தவர் வேலை செய்யும்போது அதைக் கழற்றிப் பூட்டி வைத்தல் வேண்டும். ‘உங்கள் இணைப்பைச் சரிசெய்கிறோம்’ என்று தொலைபேசியில் கூப்பிட்டு, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதியோ, கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணோ கேட்பவர்களை நம்பலாகாது. நாம் புகார் செய்யாதபோது வரும் அத்தகைய அழைப்பை உடனே துண்டித்துவிட வேண்டும்.

நல்ல நாளில் பழகுதல்

நோயை அறிய வேண்டுமானால் ஆரோக்கிய நிலையை முதலில் அறிந்திருக்க வேண்டும். இணையம் நன்றாக இருக்கும் ஒரு நாளில், அங்கத்தினர்களும் பஞ்சாயத்துச் செயலரும் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கீழ்க்கண்டவற்றைச் செய்துவைத்தல் நலம்.

1. இழை முதல் கணினி வரை உள்ள வழியை ஒரு காகிதத்தில் வரைந்து சுவரில் ஒட்டவும்.

2. ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதிய துண்டுச் சீட்டைச் சுற்றவும்.

3. எல்லா விளக்குகளும் சரியாக எரியும் நிலையைப் படமெடுத்து, அச்சிட்டு, வரைபடத்தின் கீழே ஒட்டவும்.

4. ஒவ்வொரு கணினியின் விலாச எண்ணையும், ரவுட்டரின் எண்ணையும், நிறுவனத்தின் புகார்த் தொலைபேசி எண்ணையும் நோட்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதவும். கடவுச்சொல்லைச் சுவரில் எழுத வேண்டாம். உறையிலிட்டுப் பூட்டி வைக்கவும்.

5. நல்ல கேபிள் ஒன்றை உபரியாக வாங்கி வைக்கவும்.

6. வேண்டுமென்றே ஒரு கேபிளைக் கழற்றி, எந்த விளக்கு அணைகிறது, கணினி என்ன சொல்கிறது என்று பார்க்கவும். மீண்டும் செருகி, அடுத்ததைக் கழற்றவும். கண்ணாடி இழையை மட்டும் தொட வேண்டாம்.

இப்பயிற்சியைச் செயலர் ஒருவர் மட்டும் அறிந்திருத்தல் போதாது. அவர் விடுப்பில் இருக்கும் நாளிலும் வரி செலுத்த ஆள் வரக்கூடும். இரண்டு அங்கத்தினர்களேனும், காரியாலயத்தில் பணிபுரியும் மற்றொருவரும் கற்றுக்கொண்டால், பஞ்சாயத்து ஒருவரை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நாட்களில் இணையம் நிற்கத்தான் செய்யும். அந்நாளிலும் வந்தவருக்குச் சொல்லத்தக்க பதில் ஒன்று உண்டு: “இழை அறுந்திருக்கிறது, புகார் செய்திருக்கிறோம், உங்கள் விவரத்தையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்கிறோம், இணைப்பு வந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம்.” பழுது எங்கே என்று அறிந்த காரியாலயமே இவ்வாறு பதில் சொல்ல இயலும். அப்பதிலைக் கேட்டவர் தம் வேலையைக் கவனிக்கப் போவார். மறுநாளும் வந்து வீணே காத்திருக்க மாட்டார்.